700 மில்லியன் டாலர் கையெழுத்து: நீண்ட ஒப்பந்தத்தில் ரிஸ்க் யார் தலையில்?



ஆடி 18 வந்தா ஆத்துல தண்ணி வருதோ இல்லையோ, சிவகாசியில புது வருஷக் காலண்டர் ஆல்பம் வந்துடும். ஏஜென்ட்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடைனு கிளம்பிடுவாங்க. ரேட் பேசி ஆர்டர் எடுப்பது ஆடியில். சரக்கு கொடுப்பது கார்த்திகை, மார்கழியில். நடுவுல நாலைந்து மாசம். அதுக்குள்ள பேப்பர் விலை ஏறினா என்ன ஆகும்? பேசின ரேட் பேசினதுதான். நஷ்டம் பிரஸ்காரர் தலையில். விலை இறங்கினா லாபமும் அவருக்கே.

இந்த ஊர்ல பிறந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. "இன்னைக்குக் கையெழுத்து, நாளைக்கு விளைவு" என்பதுதான் ஒப்பந்தம். நடுவில் இருக்கும் காலம்தான் ரிஸ்க்.

இப்ப ஒரு கேள்வி. நாலு மாசத்துக்கே பேப்பர் விலை பயம் காட்டுது. பத்து வருஷத்துக்கு, அதுவும் பேப்பருக்குப் பதில் ஒரு மனுஷனோட தோள்பட்டையை நம்பி, 2,000 கோடி ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டா?

அமெரிக்க பேஸ்பால் அணிகள் அதைத்தான் செய்கின்றன. "நமக்கு எதுக்குடா பேஸ்பால்?" என்று கேட்காதீங்க. இன்ஜினியரிங் எகனாமிக்ஸில் படிக்கும் தேய்மானம், பணத்தின் காலமதிப்பு, நம்பகத்தன்மை எல்லாத்துக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். கடைசியில் இது நம்ம பிளேஸ்மென்ட் வரைக்கும் வந்து நிற்கும். பொறுமையா வாங்க.

முதலில், இரண்டு விதமான ஒப்பந்தம்

ஐபிஎல்லில் ஒரு வீரரை 10 கோடிக்கு ஏலம் எடுத்தால் அது ஒரு சீசனுக்கான தொகை. அடுத்த மெகா ஏலம் வரை அவரை வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் ஒரு சீசன் முடிந்ததும் விடுவித்துவிடலாம். அதாவது, அணியின் கையில் ஆண்டுதோறும் ஒரு வெளியேறும் கதவு இருக்கு.

பேஸ்பாலின் எம்எல்பி லீக்கில் கதை வேறு. அங்கே பெரிய வீரர்களின் ஒப்பந்தத் தொகை பொதுவாக முழுக்க உறுதி செய்யப்பட்டது. 7 வருஷம் என்று எழுதினால் 7 வருஷச் சம்பளமும் கொடுத்தே ஆகணும். அடிபட்டாலும், ஃபார்ம் போனாலும், பெஞ்சில் உட்கார வைத்தாலும், ஏன், அணியை விட்டே நீக்கினாலும் மீதிப் பணம் போய்ச் சேரணும். வெளியேறும் கதவு கிடையாது.

கதவு இல்லாத வீட்டுக்குள் போகும்போது என்னென்ன நடக்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரிஸ்க் 1: உடம்பு

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் பிட்சர், அதாவது நம்ம பாஷையில் பவுலர். 2019-ல் அந்த அணி வேர்ல்டு சீரிஸ் பட்டம் வென்றது. அந்தத் தொடரின் மிகச் சிறந்த வீரர் அவர்தான். அதே டிசம்பரில் அணி அவருடன் 7 வருஷம், 245 மில்லியன் டாலர் என்று கையெழுத்துப் போட்டது. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 2,000 கோடிக்கும் மேல்.

அதற்குப் பிறகு அவர் எத்தனை ஆட்டம் ஆடினார் தெரியுமா? எட்டு. 2020-ல் 2, 2021-ல் 5, 2022-ல் 1. மணிக்கட்டு, கழுத்து, தோள் என்று தொடர்ந்து பிரச்சினை. 2024-ல் ஓய்வு. பணம்? ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியதுதான்.

நம்ம ஊர் உதாரணம் வேணுமா? தீபக் சாஹர். 2022 பிப்ரவரி 12 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை 14 கோடிக்கு எடுத்தது. எட்டே நாள். பிப்ரவரி 20-ம் தேதி கொல்கத்தாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டி20-யில் பந்து போடும்போதே தொடையில் அடி. அதிலிருந்து தேறி வரும் நேரத்தில் முதுகிலும் காயம். அந்த ஐபிஎல்லில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. சிஎஸ்கே ஒன்பதாவது இடத்தில் முடித்தது.

அடுத்த வருஷம் பென் ஸ்டோக்ஸ், 16.25 கோடி. ஆடியது 2 ஆட்டம், எடுத்தது 15 ரன், வீசியது ஒரு ஓவர். ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. 2023 நவம்பரில் சிஎஸ்கே அவரை விடுவித்துவிட்டது. கதவு இருந்தது, கணக்கு முடிந்தது. அதே இடத்தில் ஏழு வருஷ பேஸ்பால் ஒப்பந்தம் இருந்திருந்தால்?

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது உடனே புரியும். ஒரு உலோகத் துண்டை ஒரு தடவை வளைத்தால் உடையாது. அதே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை வளைத்தால் உடையும். முழங்கைத் தசைநாரும் அப்படித்தான். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முழங்கைத் தசைநார் மாற்று அறுவை சிகிச்சை செய்தார். இன்றும் அந்தச் சிகிச்சைக்கு அந்த வீரரின் பெயர்தான். டாக்டர் பெயரால் இல்லாமல் நோயாளி பெயரால் ஒரு சிகிச்சை வழங்கப்படுகிறது என்றால், பிட்சர்களிடம் அது எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று பாருங்க.

ஒரு சின்ன கணக்கு. ஒரு வருஷத்தில் பெரிய காயம் இல்லாமல் தப்பிக்க 95 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இது நான் எடுத்துக்கொண்ட கற்பனை எண்தான். கேட்க நல்லாத்தான் இருக்கு. 3 வருஷமும் தப்பிக்க 0.95 × 0.95 × 0.95, ஏறத்தாழ 86 சதவீதம். 10 வருஷமும் தப்பிக்க? 0.95-ஐப் பத்து முறை பெருக்குங்க. 60 சதவீதம்தான். 90 சதவீதம் என்று எடுத்தால் பத்து வருஷத்துக்கு 35 சதவீதம்.

தொடராக இணைத்த பாகங்களின் நம்பகத்தன்மையைக் கணக்கிடும் அதே சூத்திரம்தான் இது. வருஷா வருஷம் சின்னதாகத் தெரியும் ரிஸ்க், ஒப்பந்தம் நீள நீள மலையாகிறது.

ரிஸ்க் 2: வயசு

காயம் வரலாம், வராமலும் போகலாம். வயசு கட்டாயம் வரும்.

ஆல்பர்ட் பூஜோல்ஸ். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 11 வருஷம், 445 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .328. 2011 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணி அவரை 10 வருஷத்துக்கு 240 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தது. அப்போது அவருக்கு வயசு 31. ஏஞ்சல்ஸுக்கு ஆடிய காலத்தில் சராசரி .256 ஆக இறங்கியது. ஒப்பந்தத்தின் கடைசி வருஷமான 2021-ல், மே மாதத்திலேயே அணி அவரை விடுவித்தது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. பூஜோல்ஸ் சோம்பேறியும் இல்லை. தவறு எங்கே என்றால், அவர் 21 முதல் 31 வயசு வரை செய்ததைப் பார்த்து, 32 முதல் 41 வரைக்கான விலையைப் போட்டார்கள். நடந்து முடிந்ததுக்குப் பணம் கொடுத்தார்கள். வாங்கியதோ வரப்போவதை.

இன்னொரு கற்பனைக் கணக்கு. ஒரு வீரர் முதல் வருஷம் அணிக்கு 10 கோடி மதிப்புள்ள ஆட்டம் தருகிறார். வருஷத்துக்கு 1 கோடி வீதம் மதிப்பு தேய்கிறது. நேர்கோட்டுத் தேய்மானம், நம்ம சிலபஸ்ல இருக்கிறதுதான். சம்பளம் எல்லா வருஷமும் ஒரே மாதிரி 7 கோடி.

5 வருஷ ஒப்பந்தம்: கிடைத்த மதிப்பு 10 + 9 + 8 + 7 + 6 = 40 கோடி. கொடுத்தது 35 கோடி. 5 கோடி லாபம்.

10 வருஷ ஒப்பந்தம்: கிடைத்த மதிப்பு 55 கோடி. கொடுத்தது 70 கோடி. 15 கோடி நஷ்டம்.

அதே வீரர், அதே சம்பளம், மாறியது நீளம் மட்டும். அப்ப அணிகள் என்ன முட்டாளா? இல்லை. அந்த வீரர் 5 வருஷத்துக்கு 7 கோடி என்றால் வரமாட்டார், "9 கோடி கொடு" என்பார். 10 வருஷ உறுதி கொடுத்தால்தான் 7 கோடிக்கு இறங்கி வருவார். அதாவது, நீளமே ஒரு விலை. இன்றைக்குச் சம்பளத்தைக் குறைக்க, அணி நாளைய ரிஸ்க்கை விலைக்கு வாங்குகிறது. முதல் நாலு வருஷத்தில் கோப்பை ஒன்று கிடைத்துவிட்டால் அந்த 15 கோடி நஷ்டம் கண்ணில் தெரியாமலும் போகலாம்.

வயசு ரிஸ்க்குக்கு நம்ம ஆள் ரவிச்சந்திரன் அஸ்வின். எஸ்எஸ்என் கல்லூரியில் ஐடி படித்தவர், நம்ம ஜாதி, இன்ஜினியர் ஜாதி! 2024 நவம்பரில் 38 வயதில் சிஎஸ்கே அவரை 9.75 கோடிக்கு எடுத்தது. 2025 சீசனில் 9 ஆட்டம், 7 விக்கெட். சென்னை முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. ஆகஸ்டில் அவரே ஐபிஎல்லில் இருந்து ஓய்வை அறிவித்தார். ஒரே சீசனோடு போச்சு. அஸ்வின் மேல் நமக்கு இருக்கும் மரியாதை துளியும் குறையாது. ஆனால் மரியாதை வேறு, விலை வேறு.

ரிஸ்க் 3: விதி மாறுவது

இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. வீரர் நல்லா இருக்கார், வயசும் குறைவு. ஆனால் ஆட்டத்தின் விதி மாறிவிட்டது.

2023-ல் எம்எல்பியில் பிட்ச் கிளாக் வந்தது. இத்தனை வினாடிக்குள் பந்தை வீசியே ஆகணும். நிதானமாக நின்று யோசித்து வீசிப் பழகியவர்கள் தங்கள் பழக்கத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அதே 2023-ல் ஐபிஎல்லில் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது. கொஞ்சம் பேட்டிங், கொஞ்சம் பவுலிங் தெரிந்த ஆல்ரவுண்டருக்கு இருந்த மவுசு ஆட்டம் கண்டது. முழு பேட்ஸ்மேனையும் முழு பவுலரையும் மாற்றி மாற்றி இறக்கலாமே!

சிவகாசிக்காரர்களுக்கு இது புத்தகப் பாடம் இல்லை. 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான். அதுவரை பட்டாசுக்குப் பச்சை நிறம் கொடுத்த மருந்து ஒரே நாளில் சட்டவிரோதம் ஆனது. சரவெடி பின்னுவதில் பல வருஷம் கை தேர்ந்தவர்களின் திறமை அப்படியேதான் இருந்தது. அந்தத் திறமைக்கு இருந்த சந்தை போய்விட்டது.

ஒரு திறமையைப் பத்து வருஷத்துக்கு வாங்கும்போது, அந்தத் திறமைக்கு மதிப்புக் கொடுக்கும் விதிகளும் பத்து வருஷம் நிலைக்கும் என்று சேர்த்தே பந்தயம் கட்டுகிறோம்.

ரிஸ்க் 4: பணத்தின் காலமதிப்பு

இது எனக்குப் பிடித்த கதை. பாபி போனியா. நியூயார்க் மெட்ஸ் அணிக்கு அவர் இனி வேண்டாம், ஆனால் 2000-ம் ஆண்டுக்கான 5.9 மில்லியன் டாலர் பாக்கி. அணி சொன்னது: "இப்ப வேண்டாம், அப்புறம் வட்டியோட தர்றோம்." ஒப்பந்தம் என்ன? 2011 முதல் 2035 வரை, 25 வருஷம், ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் ஏறத்தாழ 11.93 லட்சம் டாலர். ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆன மனுஷனுக்கு இன்னும் சம்பளம் போகுது. மொத்தம் 29.8 மில்லியன் டாலர்.

கேட்டதும் "ஏமாந்துட்டாங்க" என்று தோணும். வாங்க, கணக்குப் போடுவோம். வட்டி 8 சதவீதம்.

முதல் படி: 5.9 மில்லியனை 11 வருஷம் கூட்டுவட்டியில் விடுங்க. 1.08-இன் 11-வது அடுக்கு 2.3316. பெருக்கினால் 13.757 மில்லியன்.

இரண்டாம் படி: இந்தத் தொகையை 25 சம தவணையாக, முதல் தவணை உடனே என்று பிரிங்க. 8 சதவீதத்தில் அதற்கான காரணி 11.529.

மூன்றாம் படி: 13.757-ஐ 11.529-ஆல் வகுங்க. 1.193 மில்லியன். அச்சு அசலாக அவருக்குப் போகும் தொகை!

ஆக, இதில் மாயம் எதுவும் இல்லை, வெறும் கூட்டுவட்டி. "5.9 எங்கே, 29.8 எங்கே" என்று ஒப்பிடுவதே தப்பு. வேறு வேறு வருஷத்துப் பணத்தை நேரடியாகக் கூட்டக்கூடாது. உண்மையான ரிஸ்க் வேறு இடத்தில் இருந்தது. அணி முதலாளிகள் பெர்னார்டு மேடாஃப் என்பவரிடம் பணம் போட்டு வைத்திருந்தார்கள். அங்கே 8 சதவீதத்தைவிட அதிகம் வரும் என்ற நம்பிக்கை. 2008 டிசம்பரில் அது மாபெரும் மோசடி என்று வெளியே வந்தது. கொடுக்க வேண்டிய 8 சதவீதம் உறுதி. வர வேண்டியதோ வரவே இல்லை.

இதே கணக்கின் மறுபக்கம் ஷோஹெய் ஓட்டானி. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியுடன் 10 வருஷம், 700 மில்லியன் டாலர். தலைப்பில் இருக்கும் எண் இதுதான். ஆனால் ஆடும் காலத்தில் வருஷத்துக்கு அவர் வாங்குவது வெறும் 2 மில்லியன். மீதி 68 மில்லியன் வீதம் 2034 முதல் 2043 வரை, வட்டி இல்லாமல். லீக் தன் கணக்குக்கு 4.43 சதவீத வட்டி விகிதத்தை எடுத்துக்கொண்டது. 68-ஐ 1.0443-இன் 10-வது அடுக்கால் வகுத்தால் 44. அதோடு 2 கூட்டினால் வருஷத்துக்கு 46 மில்லியன். ஆக இன்றைய மதிப்பில் 460 மில்லியன்தான், 700 இல்லை.

கையெழுத்துப் போடும்போது அவர் முழங்கையில் அறுவை சிகிச்சை முடிந்த நேரம். 2024-ல் பந்து வீசவே முடியாது என்று தெரிந்தே எடுத்தார்கள். அந்த வருஷம் அவர் பேட்டிங்கில் மட்டும் 54 ஹோம் ரன். டாட்ஜர்ஸ் 2024, 2025 இரண்டு வருஷமும் பட்டம் வென்றது. நீண்ட ஒப்பந்தம் எல்லாமே குழி இல்லை. குழி எங்கே என்று பார்த்துக் காலை வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, குட்டியா ஒப்பந்தம் போட்டா தப்பிச்சிடலாமா?

இல்லை. இதற்கு மதுரை பாந்தர்ஸ் அணியில் ஆடிய வருண் சக்கரவர்த்திதான் சாட்சி. எஸ்ஆர்எம்-இல் ஆர்க்கிடெக்சர் படித்தவர். 2018-ல் சீச்செம் மதுரை பாந்தர்ஸ் டிஎன்பிஎல் பட்டம் வென்ற அணியில் இருந்தார். அந்த டிசம்பர் ஏலத்தில் அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது.

2019-ல் ஐபிஎல் முதல் ஆட்டம், ஈடன் கார்டன்ஸில். முதல் ஓவரில் 25 ரன். பிறகு விரலில் காயம். அந்த சீசனில் ஆடியதே அந்த ஒரு ஆட்டம்தான். பஞ்சாப் விடுவித்தது. அவ்வளவு பெரிய விலைக்கு ஒரு ஆட்டம்! யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அடுத்த ஏலத்தில் கொல்கத்தா அவரை 4 கோடிக்கு எடுத்தது. பாதி விலைகூட இல்லை. 2020-ல் 17 விக்கெட். 2024-ல் கொல்கத்தா கோப்பை வென்றபோது 21 விக்கெட். 2025-க்கு 12 கோடிக்குத் தக்கவைத்தார்கள்.

பஞ்சாபுக்குக் கதவு இருந்தது. கதவு வழியாக வெளியே போனது நஷ்டம் மட்டும் இல்லை, பின்னால் வரவிருந்த லாபமும்தான். குறுகிய ஒப்பந்தத்திலும் ரிஸ்க் இருக்கு. அது பொறுமை இல்லாமல் போகும் ரிஸ்க்.

அப்ப ரிஸ்க் எங்கேதான் போகுது?

இதுவரை பார்த்ததை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்க. காயமோ, வயசோ, விதி மாற்றமோ, எந்த ஒப்பந்தத்தாலும் ரிஸ்க்கை அழிக்க முடியவில்லை. அது யார் தலையில் உட்காரணும் என்பதை மட்டும்தான் ஒப்பந்தம் முடிவு செய்கிறது. பேஸ்பாலில் அணியின் தலையில். ஐபிஎல்லில் பெரும்பாலும் வீரரின் தலையில், ஏனென்றால் அடுத்த வருஷம் என்ன விலை போவோம் என்று அவருக்குத் தெரியாது.

மூன்றாவது வகை ஒன்று நம்ம ஊரிலேயே இருக்கு. எங்கள் தெருவில் ஒரு அக்கா பயர் ஆபீஸுக்குப் போகிறார். பீஸ் ரேட் வேலை. கை வேகம் அப்படி. பட்டாசுக்கு ஏலம் இருந்தால் அவர்தான் ஸ்டார் பிளேயர். மகள் சடங்குக்கு ஒரு தொகை அட்வான்ஸ் வாங்கினார். பேஸ்பால் பாஷையில் சொன்னால் கையெழுத்து போனஸ். இப்போது இன்னொரு பயர் ஆபீஸில் கூலி கூடத் தருவதாகக் கூப்பிடுகிறார்கள்.

"போக வேண்டியதுதானக்கா?"னு கேட்டேன்.

"அட்வான்ஸ அடைக்கணும்லப்பா. அடைச்சாத்தான விடுவாங்க? மழை பேஞ்சா வேலை இல்ல, செக்கிங் வந்தா வேலை இல்ல. வேலை இல்லாத நாளு சம்பளம் இல்ல. பெறகு எங்கிட்டு அடைக்க?"

கவனிங்க. மழை, செக்கிங், தடை எல்லாம் அவர் தலையில். வெளியேறும் கதவின் சாவியோ இன்னொருத்தர் கையில். ஸ்ட்ராஸ்பர்க்கின் ஒப்பந்தமும் அந்த அக்காவின் அட்வான்ஸும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான்: முன்பணம், நீண்ட பிணைப்பு. ஆனால் ஒன்றில் வேலை நின்றாலும் பணம் வரும். மற்றொன்றில் வேலை நின்றாலும் கடன் நிற்காது. முன்பணத்தைக் காட்டி ஒருவரின் வெளியேறும் உரிமையைப் பறித்துக் கட்டாய வேலை வாங்குவது, 1976-ம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருப்பது அந்த அக்காவுக்குத் தெரியாது. எனக்கும் இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும் வரை தெரியாது.

இப்ப உங்க கையெழுத்து

இறுதி ஆண்டு நண்பர்களே, இது உங்களுக்கு. பிளேஸ்மென்டில் ஆஃபர் லெட்டரோடு சர்வீஸ் பாண்ட் ஒன்று வரலாம். "2 வருஷம் இருக்கணும், நடுவில் போனா இவ்வளவு கட்டணும்." சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி நேராகக் கையெழுத்து. ஏஞ்சல்ஸ் அணி செய்த அதே காரியம்.

"பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காதுடா" என்று சீனியர் யாராவது சொல்வார். நம்பாதீங்க. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், 3 வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அதே நேரம், பாண்டில் எழுதிய தொகை அப்படியே வேதவாக்கும் இல்லை. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி, எழுதிய தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பிரிவு 27, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு, வேலையை விட்ட பிறகு "போட்டிக் கம்பெனிக்குப் போகாதே" என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்காதீங்க.

கையெழுத்துக்கு முன்னால் இந்த ஐந்து கேள்வி:

1. கதவு யார் கையில்? அவர்கள் ஒரு மாத நோட்டீஸில் உங்களை அனுப்பலாம், நீங்க மட்டும் 2 வருஷம் போக முடியாது என்றால், அது ஒருவழிக் கதவு.

2. தொகை எதற்கு? நிஜமான பயிற்சிச் செலவுக்கா, வெறும் பயமுறுத்தலுக்கா? நாள் ஆக ஆகக் குறையுமா? 23-வது மாதம் விலகினாலும் முழுத் தொகை என்றால் கேள்வி கேளுங்க.

3. சேரும் தேதி எழுதியிருக்கா? தேதி இல்லாத ஆஃபரை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள் எல்லாம் உங்கள் தலையில் ஏறும் ரிஸ்க்.

4. ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறார்களா? காட்டிச் சரிபார்ப்பது வேறு, கொடுத்துவிட்டு வருவது வேறு. அந்த அக்காவின் அட்வான்ஸை நினைச்சுக்கோங்க.

5. விதி மாறினால்? நீங்க சேரும் தொழில்நுட்பம் 2 வருஷத்தில் பழசாகிவிட்டால் வேறு பிரிவுக்கு மாற வழி இருக்கா?

இந்த ஐந்துக்கும் பதில் திருப்தியாக இருந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்க. பாண்ட் என்றாலே ஓட வேண்டியதில்லை. நல்ல பயிற்சி தரும் கம்பெனி, செலவு செய்த பிறகு ஆள் ஓடிவிடுவாரோ என்று பயப்படுவதும் நியாயம்தான். உங்களுக்காக அவர்கள் ஒரு ரிஸ்க் எடுக்கிறார்கள் என்றால், பதிலுக்கு நீங்களும் கொஞ்சம் எடுக்கலாம். பிரஸ்காரரும் பேப்பர் ஏறும் என்று தெரிந்தேதான் ஆடியில் ஆர்டர் எடுக்கிறார். ஆனால் எவ்வளவு ஏறினால் கை கடிக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு எடுக்கிறார்.

வீட்டுப்பாடம்: மேலே போட்ட 10 வருஷக் கணக்கில் 15 கோடி நஷ்டம் வந்ததில்லையா? அதில் வருஷா வருஷம் வரும் லாப நஷ்டத்தை 8 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, திரும்பக் கூட்டிப் பாருங்க. முதல் வருஷ லாபம் இன்றைக்கே வருவதாக வைத்துக்கோங்க. நஷ்டம் கூடுமா, குறையுமா? ஏன்? பதிலை ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க. சரியான விடையை அடுத்த இதழில் போடுவோம்.